வெளிநாட்டு மாப்பிள்ளை, சொந்தத் தொழில், இரண்டு நாட்டுக் கணக்கு

வெளிநாட்டுக்காரரைக் கல்யாணம் செய்துகொண்டு, மாதச் சம்பளம் என்று எதுவும் இல்லாமல், இணையம் வழியே நாலு நாட்டு வாடிக்கையாளருக்கு வேலை செய்து பிழைக்கும் குடும்பங்கள் இப்போது மலேசியத் தோட்டப்புறப் பட்டணங்களிலும் இருக்கின்றன. பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் தாமான் (குடியிருப்புப் பகுதி) வீட்டு முன்னறையில் உட்கார்ந்து லண்டன் கடைக்கு இணையத்தளம் அமைக்கும் மாப்பிள்ளை உண்டு. சென்னைப் பிள்ளைகளுக்கு மாலையில் கணிதம் சொல்லித்தரும் மருமகள் உண்டு. சிங்கப்பூர் நிறுவனங்களுக்குக் கணக்கெழுதும் நம் ஊர்ப் பெண்களும் உண்டு. இவர்கள் எல்லாரும் ஒருநாள் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "அங்க போயிடலாமா, இல்ல இங்கயே இருந்திடலாமா?"

இந்த ஊரில் சிறு வியாபாரங்களுக்குக் கணக்கு எழுதுகிற எனக்கு, அந்தக் கேள்விக்கான பதில் பெரும்பாலும் மனசில் இல்லை, கோப்பில் இருக்கிறது என்றே தோன்றுகிறது. போவதானாலும் தங்குவதானாலும் மூன்று விஷயங்களை மூன்று அலுவலகங்கள் தனித்தனியாகக் கேட்கும். இந்த நாட்டில் நீ இருக்கலாமா என்பது குடிநுழைவுத் துறையின் கேள்வி. இங்கே நீ சம்பாதிக்கலாமா என்பது இன்னொரு அனுமதி. சம்பாதித்ததற்கு யாருக்கு வரி என்பது வருமான வரி வாரியத்தின் கணக்கு. ஒன்றுக்குக் கிடைத்த 'ஆம்' மற்ற இரண்டுக்கும் செல்லாது. நம் ஆட்கள் தடுமாறுவது பெரும்பாலும் இங்கேதான். விசா கிடைத்ததும் எல்லாம் கிடைத்துவிட்டது என்று நினைத்துவிடுகிறார்கள்.

தோட்டத்து மக்களுக்குத் தாள்களின் அருமை தெரியாதது இல்லை. பால்மர (ரப்பர்) தோட்டங்களின் காலத்தில் லயத்து வீடு, வேலை, ஆஸ்பத்திரி, ஆயாக் கொட்டகை, சேமநிதிக் கணக்கு எல்லாம் ஒரே முதலாளியின் கீழ் இருந்தன. பெயர்ப்பட்டியல் தோட்டத்து எழுத்தரான கிராணியின் மேசையில் கிடந்தது. தோட்டம் துண்டாடப்பட்டு விற்கப்பட்டபோது அத்தனையும் ஒரே நாளில் கைவிட்டுப் போனது. சுங்கை சிப்புட்டை இருப்பிடமாகக் கொண்டிருந்த அன்றைய அமைச்சர் துன் சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியது அந்த நெருக்கடியில்தான். அதற்குச் சில ஆண்டுகள் கழித்து இன்னொரு அடி விழுந்தது. 1968ஆம் ஆண்டின் வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம், குடியுரிமை இல்லாதவர் வேலை செய்யப் பெர்மிட் வேண்டும் என்றது. 1969க்குப் பிறகு அது கண்டிப்பாக நடைமுறைக்கு வந்தபோது, ஒரே லயத்து வீட்டில் புருஷனுக்குக் குடிமக்களுக்கான நீல ஐசி (அடையாள அட்டை), பெண்சாதிக்குக் குடியுரிமை இல்லாதவருக்கான சிவப்பு ஐசி என்றிருந்த குடும்பங்கள் தவித்துப்போயின. பிறந்து வளர்ந்த மண்ணில் இருக்கலாம், ஆனால் பெர்மிட் இல்லாமல் பால்மரம் சீவக்கூடாது. பல்லாயிரம் பேர் பினாங்கில் ரஜுலா கப்பல் ஏறித் தமிழ்நாட்டுக்குப் போனார்கள்.

இருக்கும் உரிமையும் உழைக்கும் உரிமையும் வேறுவேறு என்பதை நம் தாத்தா பாட்டிகள் அப்படித்தான் கற்றார்கள். இன்றைக்கு அதே பிரிவு, மடிக்கணினி வைத்திருக்கும் வெளிநாட்டு மருமகனின் கடப்பிதழில் இருக்கிறது.

பாஸ் ஒன்று, வேலை அனுமதி வேறொன்று

மலேசியக் குடிமகனை அல்லது குடிமகளை மணந்த வெளிநாட்டவருக்குக் கிடைப்பது நீண்டகாலச் சமூக வருகை அனுமதி. பேச்சில் ஸ்பவுஸ் விசா. அதற்குப் பிணை நிற்பவர் மலேசியத் துணைவர். புதுப்பிக்கும்போதும் அவர் கூட வேண்டும். இந்த அனுமதி குடும்பத்தோடு தங்குவதற்கானது. வேலை செய்ய விரும்பினால் அதற்கான ஒப்புதலைக் குடிநுழைவுத் துறையிடம் தனியாகக் கேட்டுப் பதிந்துகொள்ள வேண்டும். "உள்ளூர்க் கம்பெனியில வேலை செஞ்சாத்தானே பெர்மிட்? நான் வெளிநாட்டுக்காரனுக்குத்தானே செய்யுறேன்?" என்று பல மாப்பிள்ளைகள் கேட்கிறார்கள். சமூக வருகை அனுமதிக்கான குடிநுழைவு விதிகள் வேலையை மட்டும் தடுக்கவில்லை. வியாபாரத்தையும் தொழில்முறைப் பணியையும் சேர்த்தே சொல்கின்றன. ஆகவே வாடிக்கையாளர் எந்த நாட்டுக்காரர் என்பதை வைத்து நாமே தீர்ப்பு எழுதிக்கொள்வது ஆபத்து. என்ன வேலை, யாருக்கு, எங்கிருந்து என்பதைத் தெளிவாக எழுதிக் கொடுத்து, பதிலையும் எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளச் சொல்வேன்.

அடுத்த முட்டுக்கட்டை, வியாபாரங்களைப் பதியும் மலேசிய நிறுவன ஆணையமான எஸ்எஸ்எம். 1956ஆம் ஆண்டின் வியாபாரப் பதிவுச் சட்டத்தின் கீழ்த் தனிநபர் வியாபாரமாகவோ கூட்டு வியாபாரமாகவோ பதிய, குடிமக்களுக்கும் நிரந்தர வசிப்பிடத் தகுதி பெற்றவர்களுக்கும் மட்டுமே வழி உண்டு. நம் ஊர்ப் பெண் தன் பெயரிலேயே பதிந்தால் ஆண்டுக்கு 30 வெள்ளி (ரிங்கிட்), வேறு வியாபாரப் பெயர் வைத்தால் 60 வெள்ளி, வேலை முடிந்தது. அவள் புருஷனுக்கு அந்தக் கதவு இல்லை. அவர் செந்திரியான் பெர்ஹாட் (தனியார் வரையறுக்கப்பட்ட) நிறுவனம் ஒன்றைத் தொடங்கலாம். 2016ஆம் ஆண்டின் நிறுவனங்கள் சட்டம் வெளிநாட்டவர் ஒருவரே பங்குதாரராக இருக்க இடம் தருகிறது. இயக்குநர்களில் குறைந்தது ஒருவர் வழக்கமாக மலேசியாவில் வசிப்பவராக இருக்க வேண்டும். ஆனால் நிறுவனச் செயலாளருக்குக் கட்டணம், ஆண்டுக் கணக்கறிக்கை என்று செலவு வந்துகொண்டே இருக்கும். வேலை செய்வதற்கான அனுமதி அப்போதும் தனியாகத் தேவை.

அதனால் ஊரில் எல்லாரும் எடுக்கும் சுலப வழி: "பேரு மனைவி பேருல இருக்கட்டும், வேலைய நான் செஞ்சுக்கிறேன்." பில் மனைவியின் பெயரில் போகும், பணம் மனைவியின் கணக்கில் வரும், வரியும் மனைவியின் வரிப் பாரத்தில் (படிவத்தில்) ஏறும். இருவரும் உண்மையிலேயே சேர்ந்து செய்யும் தொழிலாக இருந்தால் அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. முழு வேலையும் புருஷன் செய்து, பெயர் மட்டும் மனைவியுடையது என்றால் அவர்கள் ஒரு குழியை வெட்டிக்கொண்டிருக்கிறார்கள். அதன் ஆழம், வெளிநாடு போகத் தீர்மானிக்கும் அன்றைக்குத்தான் தெரியும். அதைப் பின்னால் பிரிட்டன் கணக்கில் காட்டுகிறேன்.

மாப்பிள்ளையையும் மருமகளையும் சட்டம் ஒரே கண்ணோடு பார்ப்பதில்லை என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். அரசியலமைப்பின் 15ஆம் பிரிவு, மலேசியக் குடிமகனை மணந்த வெளிநாட்டுப் பெண், தேவையான இரண்டு ஆண்டுக் குடியிருப்பையும் நன்னடத்தையையும் காட்டிப் பதிவின் மூலம் குடியுரிமை கேட்க வழி தருகிறது. நடைமுறையில் அதற்கு முன் பிஆர் (நிரந்தர வசிப்பிடத் தகுதி) வாங்கவே காலம் போய்விடும் என்றாலும், சட்டத்தில் அந்த வழி இருக்கிறது. மலேசியப் பெண்ணை மணந்த வெளிநாட்டு ஆணுக்கு அது இல்லை. அவர் 19ஆம் பிரிவின்படி, 12 ஆண்டுகளில் 10 ஆண்டு இங்கே வாழ்ந்திருக்க வேண்டும், மலாய் மொழியும் போதிய அளவு தெரிந்திருக்க வேண்டும். நம் பெண்கள் வெளிநாட்டவரை மணந்து ஊரோடு இருக்க நினைக்கும்போது அவர்களுக்கு மட்டும் பாதை நீளுவது நியாயமில்லை. இதை மாற்ற வேண்டும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

வேலை எந்த மண்ணில் நடக்கிறது

வரிக்கு வருவோம். பரவலாக நம்பப்படும் தவறு ஒன்று உண்டு: "காசு வெளிநாட்டுல இருந்து வருது, அதுக்கு இங்க வரி கிடையாது." இந்த நம்பிக்கை எங்கிருந்து வந்தது என்பது புரிகிறது. 2021 முடியும் வரை வெளிநாட்டில் ஈட்டிய வருமானத்தை மலேசியாவுக்குள் கொண்டுவந்தால் வரிவிலக்கு இருந்தது. 2022 ஜனவரி 1 முதல் அது மாற்றப்பட்டாலும், இங்கே வசிக்கும் தனிநபர்களுக்கு நிபந்தனையோடு விலக்கு நீட்டிக்கப்பட்டது. 2025ஆம் ஆண்டு பட்ஜெட்டில் அதை 2036 டிசம்பர் 31 வரை தள்ளிவைத்தார்கள். செய்தித் தலைப்பை மட்டும் படித்தவர்கள் நிம்மதியாகிவிட்டார்கள்.

அந்த விலக்கு வெளிநாட்டில் ஈட்டிய வருமானத்துக்கு. சுங்கை சிப்புட் வீட்டில் உட்கார்ந்து செய்த வேலையின் கூலி, அதை லண்டன்காரர் கொடுத்தாலும் சிட்னிக்காரர் கொடுத்தாலும், மலேசியாவில் ஈட்டியதுதான். தொழில் இங்கே நடக்கிறது. கூலி கொடுப்பவரின் முகவரி அதை மாற்றாது. லண்டனில் மாப்பிள்ளைக்கு ஒரு வீடு இருந்து வாடகை வருகிறதா? அது வெளிநாட்டு வருமானம், விலக்குக்கான பேச்சு அதற்குப் பொருந்தும். அதே மாப்பிள்ளை நம் ஊர் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து அமைத்துக் கொடுத்த இணையத்தளத்துக்கு வந்த பவுண்டு அப்படியில்லை.

அந்தப் பக்கம் பிரிட்டனோ, தன் நாட்டில் வசிப்பவர் என்ற நிலையை இழந்து, முழுக்க வெளியிலிருந்தே தொழில் செய்பவரிடம் அந்த வருமானத்துக்கு வரி கேட்பதில்லை. இங்கேயும் சொல்லவில்லை, அங்கேயும் சொல்லவில்லை என்றால் அந்த வருமானத்துக்கு உலகில் எந்தத் தாளும் இல்லை. அமெரிக்க மாப்பிள்ளை என்றால் நிலைமை வேறு. எங்கே வாழ்ந்தாலும் அமெரிக்கக் குடிமக்கள் ஆண்டுதோறும் அங்கே கணக்குக் கொடுக்க வேண்டும். மலேசியாவுக்கும் அமெரிக்காவுக்கும் முழுமையான இரட்டை வரித் தவிர்ப்பு ஒப்பந்தம் கிடையாது. சமூகப் பாதுகாப்பு ஒப்பந்தமும் இல்லாததால், சொந்தத் தொழில்காரர்களுக்கான 15.3 விழுக்காட்டு வரி இங்கிருந்து உழைத்தாலும் அவரைத் தொடரும். இந்தியாவோடும் பிரிட்டனோடும் நமக்கு இரட்டை வரித் தவிர்ப்பு ஒப்பந்தம் உண்டு.

இங்கே கொஞ்சம் நின்று நாள்கணக்கைப் பார்ப்பது நல்லது. பணம் வீணாகப் போவது இந்த இடத்தில்தான்.

மலேசியாவில் வரிக்கு வசிப்பவரா இல்லையா என்பது குடியுரிமையைப் பொறுத்ததில்லை, நாளைப் பொறுத்தது. ஒரு காலண்டர் ஆண்டில் 182 நாள் இங்கே இருந்தால் வசிப்பவர். வசிப்பவருக்குப் படிப்படியாக ஏறும் வரி, கழிவுகள், தள்ளுபடி எல்லாம் உண்டு. வசிக்காதவருக்கு ஒரே விகிதம்: 30 விழுக்காடு, முதல் வெள்ளியிலிருந்தே, கழிவு எதுவும் இல்லாமல். ஒரு மாப்பிள்ளை அக்டோபர் 10 அன்று வந்து இறங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஆண்டு முடிய 83 நாள்தான். அப்படியானால் அந்த ஆண்டுக்கு அவர் வசிக்காதவரா? கட்டாயமில்லை. அடுத்த ஆண்டு அவர் தொடர்ந்து 182 நாளுக்குக் குறையாமல் இருந்து, அந்தத் தங்கலோடு இந்த 83 நாளும் அறுபடாமல் இணைந்திருந்தால், முதல் ஆண்டுக்கும் வசிப்பவர் என்றே சட்டம் எடுத்துக்கொள்கிறது. அதாவது டிசம்பர் 31ஐத் தாண்டி, ஜனவரி 1 முதல் ஜூலை 1 வரை தொடர்ச்சி வேண்டும்.

நடுவில் உறவினரைப் பார்த்துவரும் பயணங்களுக்குச் சட்டம் மொத்தமாக 14 நாள் விட்டுக்கொடுக்கிறது. தனக்கோ நெருங்கிய குடும்பத்தாருக்கோ நோய் என்றால் அது வேறு கணக்கு. இப்போது யோசித்துப் பாருங்கள். அக்டோபரில் வந்த மாப்பிள்ளை டிசம்பர் 18இல் கிறிஸ்துமஸுக்குத் தாய்வீடு போய், ஜனவரி 8இல் திரும்புகிறார். மூன்று வாரம். யாரும் தவறு சொல்ல முடியாத பயணம். ஆனால் 14 நாளைத் தாண்டியதால் இணைப்பு அறுந்துவிட்டது. முதல் ஆண்டின் அந்தச் சில மாதங்களில் செலவு போக அவர் சம்பாதித்தது 20,000 வெள்ளி என்றால், வசிக்காதவராக 6,000 வெள்ளி கட்ட வேண்டும். இணைப்பு அறுபடாமல் இருந்திருந்தால்? தனிநபர் கழிவு 9,000 போக 11,000. அதற்கு வரி 60 வெள்ளி. வரிக்குரிய வருமானம் 35,000க்கு மேல் போகாதவருக்கு 400 வெள்ளித் தள்ளுபடி இருப்பதால் அந்த அறுபதும் இல்லை. பண்டிகைக்குப் போன பயணத்தை ஒரு வாரம் சுருக்கியிருந்தால் 6,000 வெள்ளி மிஞ்சியிருக்கும்.

கிளம்பும்போதும் இதே விதி உதவும். மார்ச் மாதம் நாட்டை விட்டுப் போகும் நம் பெண், முந்திய ஆண்டு முழுக்க இங்கே இருந்திருந்தால், அந்த மூன்று மாதமும் பழைய ஆண்டோடு இணைந்து அவளை வசிப்பவராகவே வைத்திருக்கும். பிரிட்டனின் வரி ஆண்டு ஏப்ரல் 6இல் தொடங்குகிறது, இந்தியாவினுடையது ஏப்ரல் 1இல், நம்முடையது ஜனவரி 1இல். ஆகவே ஒரே ஆண்டில் இரண்டு நாட்டிலும் வசிப்பவராகிவிடுவதும் நடக்கும். கடப்பிதழின் ஒவ்வொரு முத்திரைப் பக்கத்தையும் படமெடுத்து வைத்து, உள்ளே வந்த நாள், வெளியே போன நாள், போன காரணம் என்று ஒரு பள்ளிக்கூட நோட்டில் எழுதிவருவதே போதும். தானியங்கி வாயிலில் முத்திரை குத்தாத இந்தக் காலத்தில் விமானச் சீட்டையும் அதோடு சேர்த்து வையுங்கள்.

பிரிட்டன் என்ன கேட்கிறது

இப்போது அந்தக் குழிக்கு வருவோம். பிரிட்டிஷ் மாப்பிள்ளையும் சுங்கை சிப்புட் பெண்ணும் சில வருஷம் இங்கே வாழ்ந்துவிட்டு, அவருடைய பெற்றோருக்கு வயதாகிவிட்டதால் அங்கே குடிபோக நினைக்கிறார்கள். பெண்ணுக்கு மனைவி விசா வேண்டும். 2024 ஏப்ரல் 11 முதல் அதற்கான குறைந்தபட்ச ஆண்டு வருமானம் 29,000 பவுண்டு. அதற்கு முன் 18,600ஆக இருந்தது. மலேசியாவிலிருந்து விண்ணப்பிக்கும்போது யாருடைய வருமானத்தைப் பார்ப்பார்கள் என்பதுதான் நம் ஆட்களைத் திடுக்கிட வைக்கிறது. விண்ணப்பிக்கும் மனைவி எவ்வளவு சம்பாதித்தாலும் அது கணக்கில் வராது. பிரிட்டிஷ் துணைவரின் வருமானம் மட்டுமே. சிங்கப்பூர் நிறுவனங்களுக்குக் கணக்கெழுதி வீட்டைத் தாங்குபவள் அவளாகவே இருந்தாலும், அங்கே போய்ச் சேர்ந்து அடுத்த முறை விசாவை நீட்டிக்கும்போதுதான் அவள் உழைப்பு எண்ணப்படும்.

அந்தத் துணைவர் சொந்தத் தொழில்காரர் என்றால், கடைசியாக முடிந்த முழு நிதியாண்டின் வரிக் கணக்கைக் கேட்பார்கள். தொழில் வெளிநாட்டில் நடந்திருந்தால் அந்த நாட்டு வரி அலுவலகத்துக்குக் கொடுத்த கணக்கு, கட்டிய வரிக்கான சான்று, அதே காலத்து வங்கி அறிக்கைகள், தொழில் தொடர்கிறது என்பதற்கான ஆதாரம் ஆகியவை வேண்டும். "வங்கியில காசு வருதே அக்கா, அது போதாதா?" என்று என்னிடம் கேட்டிருக்கிறார்கள். போதாது. வங்கிக் கணக்கில் தெரியும் பணமும் வரிக் கணக்கில் சொன்ன பணமும் பொருந்த வேண்டும்.

மனைவி பெயரில் தொழிலை நடத்திய வீட்டை இப்போது பாருங்கள். மூன்று வருஷமாக நன்றாகச் சம்பாதித்தவர் புருஷன். தாளில் சம்பாதித்தவர் மனைவி. பிரிட்டன் பார்க்கும் வருமானம் புருஷனுடையது மட்டும், அது தாளில் பூஜ்ஜியம். 'உண்மையில் அவர்தான் செய்தார்' என்று விளக்கக் கடிதம் எழுதினால், அப்படியானால் மலேசியாவில் இதுவரை கொடுத்த கணக்கு பொய்யா என்ற கேள்வி எழும். வரியே காட்டாமல் இருந்தவருக்கும் இதே கதிதான். பிரிட்டனிலும் வரி இல்லை, மலேசியாவிலும் சொல்லவில்லை என்று சேமித்த ஒவ்வொரு வருஷமும், வருமானமே இல்லாத வருஷமாக அங்கே நிற்கும்.

சேமிப்பைக் காட்டிச் சமாளிக்கலாம் என்பார்கள். அதற்கும் விதி உண்டு. வருமானமே காட்டாமல் சேமிப்பை மட்டும் காட்டுவதானால் 88,500 பவுண்டு, ஆறு மாதம் தொடர்ந்து கையில் இருந்திருக்க வேண்டும். மாதச் சம்பளக்காரருக்கு வருமானம் கொஞ்சம் குறைந்தால் சேமிப்பால் இட்டு நிரப்ப இடமிருக்கிறது. சொந்தத் தொழில் வருமானத்தோடு அப்படிச் சேமிப்பைச் சேர்க்க முடியாது. 28,000 பவுண்டு சம்பாதித்த தொழில்காரருக்கு அந்த ஆயிரம் குறைந்தது குறைந்ததுதான். பெரும்பாலும் அடுத்த நிதியாண்டு முடியும் வரை காத்திருக்க வேண்டும்.

அதனால்தான் போவதென்று நினைப்பு வந்த அன்றே அல்ல, அதற்கு இரண்டு வருஷம் முன்பே தாள் வேலையைத் தொடங்கச் சொல்கிறேன். மாப்பிள்ளைக்கு வேலை ஒப்புதல், அவர் பெயரிலேயே வரிக் கோப்பு எண், அவர் பெயரிலேயே தனி வங்கிக் கணக்கு, அவர் பெயரிலேயே பில். வரி வாரியம் வெளிநாட்டவருக்கும் கடப்பிதழை வைத்துக் கோப்பு எண் கொடுக்கும். சொந்தத் தொழில் வருமானத்துக்கு உரிய பி பாரத்தை ஜூன் 30க்குள் கொடுக்க வேண்டும். முதல் கணக்குக்குப் பிறகு சிபி500 என்ற தவணை அறிவிப்பு வரத் தொடங்கும். அந்த அறிவிப்பைக் கண்டு பயப்படுகிறவர்கள் அதிகம். நான் அதைச் சந்தோஷமாகவே கோப்பில் வைக்கிறேன். இந்த மனிதர் இந்த நாட்டில் இன்ன தொழில் செய்து இவ்வளவு சம்பாதித்தார் என்று ஓர் அரசாங்கம் எழுதிக்கொடுத்த சாட்சி அது. சம்பளக்காரருக்கு முதலாளி தரும் சம்பளச் சீட்டின் இடத்தில், தொழில்காரருக்கு இருப்பது இது ஒன்றே.

மற்றச் செலவுகளையும் மறக்கக் கூடாது. மனைவி விசா முதல் தடவை 33 மாதத்துக்குக் கிடைக்கும். அங்கத்திய சுகாதாரக் கட்டணம் ஆண்டுக்கு 1,035 பவுண்டு என்று முன்கூட்டியே மொத்தமாகக் கட்ட வேண்டும். மலேசியாவிலிருந்து போகிறவர் காசநோய்ப் பரிசோதனையும் ஆங்கிலத் தேர்வும் முடித்திருக்க வேண்டும். விசா கிடைத்ததும் அங்கே சொந்தத் தொழில் செய்யத் தடையில்லை என்பது நல்ல செய்தி. ஆனால் அந்த நாள் முதல், அவள் நம் ஊர்க் கடைக்காரர்களுக்குத் தொடர்ந்து கணக்கெழுதினாலும், வேலை நடக்கும் மண் பிரிட்டன். கணக்கு அங்கே போகும்.

இங்கிருந்து கிளம்பும்போது மூட வேண்டியவை சில. சம்பளக்காரர் நாட்டை விட்டுப் போனால் முதலாளி வரி வாரியத்துக்குத் தெரிவிப்பார். சொந்தத் தொழில்காரருக்காகத் தெரிவிக்க யாரும் இல்லை. தானே தெரிவிக்க வேண்டும். எஸ்எஸ்எம் பதிவை முடிக்க வேண்டும், அல்லது புதுப்பித்துக்கொண்டே இருக்க வேண்டும். வரி பாக்கியிருந்தால் வருமான வரிச் சட்டத்தின் 104ஆம் பிரிவின்படி நாட்டை விட்டு வெளியேறவே தடை போட முடியும். பெட்டி படுக்கையோடு விமான நிலையத்தில் நிற்கும்போது அதைத் தெரிந்துகொள்வது யாருக்கும் வரக்கூடாத நிலை. மலேசியருக்கு ஊழியர் சேமநிதியில் உள்ள பணம், நாட்டை விட்டுப் போகிறேன் என்பதற்காக மட்டும் மொத்தமாகக் கையில் வராது. குடியுரிமையைத் துறப்பவருக்கே அந்த வழி. அது அப்படியே இருக்கட்டும். பிரிட்டனில் அரசு ஓய்வூதியம் கொஞ்சமாவது கிடைக்கவே 10 ஆண்டுப் பங்களிப்பு வேண்டும் என்பதால், நாற்பது வயதுக்கு மேல் போகிறவருக்கு இந்தச் சேமநிதிதான் கடைசிக் காலத்துத் துணை. மலேசியா இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை என்பதால் பலர் அங்கே நிரந்தரமாகத் தங்கும் உரிமையோடு நிறுத்திக்கொண்டு நம் கடப்பிதழையே வைத்திருக்கிறார்கள். அது புத்திசாலித்தனம் என்றே நினைக்கிறேன்.

கல்யாணப் பதிவும் பிள்ளையும்

இத்தனைக்கும் அடியில் இருக்கும் தாள் கல்யாணச் சான்றிதழ். 1982 மார்ச் 1 முதல் முஸ்லிம் அல்லாதவர்களின் திருமணம் தேசியப் பதிவில் ஏற வேண்டும். கோயிலில் தாலி கட்டி, மண்டபத்தில் ஆயிரம் பேருக்குச் சாப்பாடு போட்டாலும், பதியாத கல்யாணத்தைக் குடிநுழைவுத் துறையின் முகப்பில் காட்ட முடியாது. வெளிநாட்டில் பதிந்துகொண்டு வந்தவர்கள், நாடு திரும்பிய ஆறு மாதத்துக்குள் இங்கேயும் பதிய வேண்டும். தமிழ்நாட்டில் கல்யாணம் முடித்துப் பெண்ணை அழைத்து வருகிறவர்கள் பலர் இதைத் தள்ளிப்போட்டுவிடுகிறார்கள். "வேலை இருக்கு அக்கா, தைப்பூசம் முடியட்டும்" என்பார்கள்.

தள்ளிப்போட்டதன் சுமை பிள்ளையின் தலையில் விழுகிறது. கல்யாணம் பதியாமல் பிறக்கும் பிள்ளைக்கு, குடியுரிமைக் கணக்கில் தந்தை கணக்கில்லை, தாய்தான். தந்தை நீல ஐசிக்காரர், தாய் வெளிநாட்டவர், பதிவு பிற்பாடு என்றால், பிள்ளை சுங்கை சிப்புட் ஆஸ்பத்திரியிலேயே பிறந்தாலும் வெளிநாட்டுப் பிள்ளையாக எழுதப்படலாம். 2021 மே மாதம் கூட்டரசு நீதிமன்றம் இப்படியொரு வழக்கில் 4க்கு 3 என்ற பெரும்பான்மையில் பிள்ளைக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. தந்தை மலேசியர், தாய் பிலிப்பினோ. பிள்ளை பிலிப்பைன்ஸில் பிறந்த பின்னர்தான் பெற்றோர் மணம் பதிந்தார்கள். பிறந்த கணத்தின் நிலைதான் செல்லும் என்றார்கள்.

எதிர்ப்பக்கத்தில், நம் பெண் வெளிநாட்டில் பிள்ளை பெற்றால் என்ன என்ற கேள்விக்குப் பல வருஷப் போராட்டம் நடந்தது. மலேசியத் தந்தையின் பிள்ளை வெளிநாட்டில் பிறந்தாலும் பதிந்தவுடன் குடிமகனாகலாம் என்றிருந்தபோது, மலேசியத் தாயின் பிள்ளைக்கு அது கிடைக்கவில்லை. 2021 செப்டம்பர் 9 அன்று உயர்நீதிமன்றம் தாய்மாருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. 2022 ஆகஸ்டில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை மாற்றியது. கடைசியில் நாடாளுமன்றமே முன்வந்து, 2024 அக்டோபர் 17 அன்று மக்களவையில் அரசியலமைப்புத் திருத்தத்தை நிறைவேற்றி, தாய்க்கும் தந்தைக்கும் சம உரிமை தந்தது. ஆனால் திருத்தம் அமலுக்கு வரும் நாளுக்குப் பின் பிறக்கும் பிள்ளைகளுக்கு மட்டும். அதற்கு முன் பிறந்தவர்களுக்குப் பழைய விண்ணப்ப வழிதான், காத்திருப்புதான். எந்தப் பக்கமானாலும் வெளிநாட்டில் பிறந்த பிள்ளையை ஓராண்டுக்குள் அங்குள்ள மலேசியத் தூதரகத்தில் பதிய வேண்டும்.

ஆகவே வெளிநாடு போகத் தயாராகும் தம்பதியர் என்னிடம் வரும்போது நான் முதலில் கேட்பது வருமானத்தை இல்லை. கல்யாணச் சான்றிதழின் அசல் எங்கே, அதில் உள்ள பெயர் எழுத்தும் இரண்டு கடப்பிதழ்களின் எழுத்தும் ஒன்றா, தந்தை பெயருக்கு முன் 'த/பெ', 'அ/லெ', 'அ/பெ' என்று வரும் இடத்தில் குழப்பம் உண்டா என்று பார்க்கிறேன். தோட்டத்துக் கிராணியோ பள்ளிக்கூடமோ ஒரு காலத்தில் காதில் விழுந்தபடி எழுதிய பெயர் இன்னும் பலரின் பிறப்புப் பத்திரத்தில் கிடக்கிறது. அதைத் திருத்தப் பதிவிலாகாவுக்கு நடையாக நடக்க வேண்டியிருக்கலாம். அது முடிந்த பிறகுதான் பி பாரத்தை எடுப்பேன்.